பெட்டி மூடியில் ஒரு பெயர்

கோடை விடுமுறையில் தமிழ்நாட்டு வீடுகளின் கூடத்தில் விரிக்கப்படும் பலகைகளில் ‘டிரேட்’ ஒன்று. சில வீடுகளில் அதையே ‘பிசினஸ்’ என்பார்கள். பகடையை உருட்டி, காயை நகர்த்தி, பம்பாயையும் கல்கத்தாவையும் காகிதப் பணத்தில் வாங்கி, வீடு கட்டி, அங்கே வந்து நிற்பவரிடம் வாடகை வசூலிக்கும் ஆட்டம். கடைசியில் எல்லாம் ஒருவர் கையில் சேரும்; மற்றவர்கள் வெறுங்கையோடு எழுந்து போவார்கள். இந்தப் பலகைக்கு மூத்தது அமெரிக்காவின் மோனோபொலி. அதற்கும் மூத்தது, 1904-இல் ஒரு பெண் காப்புரிமை பெற்ற ஓர் ஆட்டம். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் தயாரித்த கம்பெனியின் பெயர் இருக்கும்; ஆட்டத்தை யோசித்தவரின் பெயரைத் தேடினாலும் கிடைக்காது. புத்தகத்தில் ஆசிரியர் பெயர் இல்லையென்றாலோ, திரைப்படத்தில் இயக்குநர் பெயர் இல்லையென்றாலோ யார் இவர் என்று கேட்போம். விளையாட்டுப் பெட்டியிடம் அந்தக் கேள்வியை நாம் கேட்பதே இல்லை. கேட்கத்தான் வேண்டும் என்பது என் வாதம். விளையாட்டைச் செய்தவரின் பெயர் தொலையும்போது ஒரு தனி மனிதருக்கு அநியாயம் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் இழப்பு அத்தோடு நிற்பதில்லை. அந்த விளையாட்டு சொல்ல வந்த கருத்தும் தொலைகிறது. அந்தத் தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கற்றுக்கொடுக்கும் வழியும் அடைபடுகிறது. கடந்த நூற்றிருபது ஆண்டு வரலாறு இதை மூன்று இடங்களில், மூன்று விதமாகக் காட்டுகிறது.

முதலாவது அந்தப் பெண்ணின் கதை. லிஸ்ஸி மேகி 1866-இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை ஜேம்ஸ் மேகி பத்திரிகைக்காரர், அடிமை முறையை எதிர்த்தவர். மகள் வாஷிங்டனில் சுருக்கெழுத்து, தட்டச்சு வேலை பார்த்துப் பிழைத்தார். கதையும் கவிதையும் எழுதினார், மேடையில் நடித்தார். தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் எளிதாக நகர ஒரு கருவி செய்து 1893-இல் அதற்கும் காப்புரிமை வாங்கினார். அவர் மனத்தை ஆட்கொண்டவர் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜ். நிலத்தின் மதிப்பு ஊர் கூடி வாழ்வதால் உயர்கிறது, அந்த உயர்வை நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவர் மட்டும் விழுங்குவது நியாயமில்லை, மற்ற வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு நில மதிப்பின்மீது ஒரே ஒரு வரி போட்டு அதைப் பொதுவுக்குச் செலவிட வேண்டும் என்பது ஜார்ஜ் 1879-இல் வெளியிட்ட நூலின் சாரம். அந்த நூல் லட்சக்கணக்கில் விற்றது. ஆனால் கூலிக்காரருக்கும் குழந்தைக்கும் வாடகைக் கணக்கைப் புரியவைக்கப் புத்தகம் போதாது, கையால் தொட்டு அனுபவிக்க வேண்டும் என்று மேகி எண்ணினார். பகலில் அலுவலக வேலை பார்த்துக்கொண்டே, ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’, அதாவது நிலக்கிழார் ஆட்டம் என்று அவர் பெயரிட்ட பலகையை உருவாக்கினார். 1903 மார்ச்சில் விண்ணப்பித்து, 1904 ஜனவரி 5 அன்று 7,48,626 என்ற எண்ணுள்ள காப்புரிமையைப் பெற்றார்.

அந்தப் பலகையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். சதுரத்தின் நான்கு ஓரங்களிலும் கட்டங்கள். ஒவ்வொரு ஓரத்தின் நடுவிலும் ஒரு ரயில் நிலையம். ரொட்டி, நிலக்கரி, குடியிருக்க இடம் என்று தவிர்க்க முடியாத தேவைகளுக்கு ஐந்து ஐந்து டாலர் பிடுங்கும் கட்டங்கள் இடையிடையே வரும். ஒரு மூலையில் பூமித்தாய். அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் உழைப்பின் கூலியாக 100 டாலர். இன்னொரு மூலையில் சிறை. வேறொன்றில் பொதுப் பூங்காவும், கையில் காசில்லாதவர் ஒதுங்கும் ஏழையர் விடுதியும். நான்காவது மூலையில்தான் மேகியின் கூர்மை தெரிகிறது. லண்டனில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிரபுவுக்குச் சொந்தமான நிலம் அது. அத்துமீறி நுழையாதே, சிறைக்குப் போ என்று எழுதியிருக்கும். கடலுக்கு அப்பாலிருக்கும் ஒருவர் பிடித்து வைத்திருக்கும் மண்ணில் கால் பட்டதே குற்றம். ஆட்டக்காரர் அங்கே போய் விழும்போது அவருக்குக் கோபம் வர வேண்டும், அந்தக் கோபம் யோசனையாக வேண்டும் என்பது திட்டம். ஆட்டத்துக்கு இரண்டு வகை விதிகளையும் அவர் வகுத்தார். ஒன்றில் வாடகை முழுவதும் நிலம் வைத்திருப்பவருக்கே. அதன் முடிவு நமக்குத் தெரியும். மற்றதில் நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போகும்; அந்தப் பணத்தில் விளக்கு, ரயில் போன்றவை பொதுச் சொத்தாகும்; யாரிடம் எல்லாரையும்விடக் குறைவாகப் பணம் இருந்ததோ அவருடைய கையிருப்பு இரட்டிப்பானதும் எல்லாரும் வென்றதாகக் கணக்கு. பலகையும் காய்களும் மாறாமல் விதி மட்டும் மாறினால் ஊரே மாறிவிடும் என்பதைச் சொற்பொழிவு இல்லாமல் ஒரே மாலையில் காட்டிவிடும் ஏற்பாடு இது. விளையாட்டு வடிவமைப்பு என்ற கலையின் உச்சங்களில் ஒன்றாக இதை நான் கருதுகிறேன்.

ஆட்டம் பரவியது. பெயர்தான் உடன் போகவில்லை. நியூயார்க்கில் 1906-இல் ஒரு சிறு நிறுவனம் இதை வெளியிட்டது; ஆனால் பெரும்பாலோர் கடையில் வாங்கி ஆடவில்லை. ஒரு வீட்டில் ஆடியவர் தன் வீட்டுக்குப் போய்த் துணியிலோ பலகையிலோ வரைந்துகொண்டார், தன் ஊர்த் தெருக்களின் பெயரைக் கட்டங்களில் எழுதினார். ஹென்றி ஜார்ஜின் கொள்கைப்படி டெலவேர் மாநிலத்தில் அமைக்கப்பட்ட ஆர்டன் என்ற சிற்றூரில் ஆடினார்கள். அங்கே வசித்த பொருளியல் பேராசிரியர் ஸ்காட் நியரிங், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளி மாணவர்களுக்கு இதை அறிமுகப்படுத்தினார். அட்லாண்டிக் சிட்டியில் இருந்த குவேக்கர் சமயத்தார் தங்கள் நகரத் தெருக்களைப் பலகையில் ஏற்றினார்கள்; ஏலம் விடும் இரைச்சல் பிடிக்காமல் ஒவ்வொரு மனைக்கும் நிலையான விலை வைத்தார்கள். 1930-களின் தொடக்கத்தில் அவர்கள் வழியாக வந்த பிரதி ஒன்று, பிலடெல்பியாவில் வேலையிழந்திருந்த விற்பனையாளர் சார்லஸ் டாரோவின் கைக்கு எட்டியது. அவருக்குக் கற்றுக்கொடுத்த நண்பர், மார்வென் கார்டன்ஸ் என்ற குடியிருப்பின் பெயரை எழுதும்போது ஓர் எழுத்தை மாற்றி மார்வின் என்று எழுதியிருந்தார். டாரோவும் மார்வின் என்றே எழுதினார். கோடிக்கணக்கில் அச்சான மோனோபொலிப் பலகைகளில் அந்தப் பிழை அப்படியே நின்றது. நானே கண்டுபிடித்தேன் என்று ஒருவர் சொன்ன ஆட்டம், உண்மையில் பார்த்து எழுதியது என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சாட்சி.

டாரோவிடமிருந்து 1935-இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் ஆட்டத்தை வாங்கியது. பழைய காப்புரிமை ஒன்று இருப்பதை அறிந்ததும் மேகியைத் தேடிப் போனார்கள். 1924-இல் அவர் புதுப்பித்துப் பெற்றிருந்த காப்புரிமையை 500 டாலருக்கு வாங்கினார்கள். விற்பனையில் பங்கு கிடையாது. தன் கருத்து இனி நாடெங்கும் போகும் என்ற நம்பிக்கையில் அவர் சம்மதித்தார். முதல் ஆண்டிலேயே 2,78,000 பெட்டிகளும், 1936-இல் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகளும் விற்றன. டாரோ பெரும் செல்வந்தர் ஆனார். வேலையிழந்த மனிதர் தனியே யோசித்து மீண்ட கதை ஆட்டத்தோடு சேர்த்து விற்கப்பட்டது. 1936 ஜனவரியில் மேகி தன் பழைய பலகைகளைக் கையில் ஏந்தி வாஷிங்டன் பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார். சில நாளில் அது மறந்துபோயிற்று. அவருடைய நிலக்கிழார் ஆட்டத்தையும் பார்க்கர் பின்னர் வெளியிட்டது, ஆனால் அது கவனிக்கப்படாமலே போனது. 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவருடைய தொழில் ‘விளையாட்டுகள் செய்பவர்’ என்றும், வருமானம் 0 என்றும் பதிவாகியிருக்கிறது. 1948-இல் அவர் இறந்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது, பெயரோடு சேர்ந்து என்னென்ன போயின என்பது. இரண்டாவது விதித் தொகுதி முழுவதும் போனது. ஏகபோகத்தின் கேட்டைக் காட்டச் செய்த பாதி மட்டும் தங்கி, ஏகபோகமே வெற்றி என்று கற்பிக்கும் ஆட்டமாயிற்று. லண்டன் பிரபுவின் நிலம் போனது. அந்த மூலையில் விரல் நீட்டும் ஒரு போலீஸ்காரர் மட்டும் மிஞ்சினார். எதற்காகச் சிறைக்குப் போகிறோம் என்று இன்று ஆடும் குழந்தை கேட்டால் பலகையில் பதில் இல்லை. பூமித்தாய் போய், தொடக்கக் கட்டத்தைத் தாண்டினால் காரணமில்லாமல் 200 டாலர் வரத் தொடங்கியது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு காரணம் வைத்தவர் மறைந்ததால் காரணங்களும் மறைந்தன. உண்மை வெளிவந்ததுகூட ஒரு வழக்கின் தயவால்தான். சான்பிரான்சிஸ்கோவின் பொருளியல் பேராசிரியர் ரால்ஃப் ஆன்ஸ்பாக் 1973-இல் ஆன்டி-மோனோபொலி என்ற ஆட்டத்தை வெளியிட, பெயர் உரிமை பற்றி மோனோபொலி நிறுவனத்தோடு வழக்கு மூண்டது. தற்காப்புக்காகப் பழைய பலகைகளையும், அவற்றை ஆடிய முதியவர்களையும் தேடிப்போன அவர் மேகியைக் கண்டெடுத்தார். இடையில், 1977-இல், நீதிமன்றத் தீர்ப்பை அடுத்து அவருடைய ஏறத்தாழ 40,000 பெட்டிகள் மின்னசோட்டாவில் குப்பை நிலத்தில் புதைக்கப்பட்டன. 1982-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; 1983-இல் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஒரு படைப்பாளியின் பெயரை மீட்க எழுபது ஆண்டும் ஒரு நீண்ட வழக்கும் தேவைப்பட்டன.

இரண்டாவது இடம் கலிஃபோர்னியாவின் அட்டாரி நிறுவனம், 1970-களின் இறுதி. வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி ஆடும் விளையாட்டுகளை அங்கே பெரும்பாலும் ஒரே ஆள் செய்து முடிப்பார். யோசனை, படம், ஒலி, நிரல் எல்லாம் ஒருவருடையவை. ஒரு நாவலாசிரியரைப் போலத்தான் அவர் வேலை; மாதச் சம்பளம் உண்டு, பெட்டியில் பெயர் மட்டும் கிடையாது. எந்த விளையாட்டு எவ்வளவு விற்றது என்ற பட்டியல் ஒன்று 1979-இல் நிறுவனத்துக்குள் சுற்றுக்கு வந்தது. டேவிட் கிரேன், லாரி கேப்லன், ஆலன் மில்லர், பாப் ஒயிட்ஹெட் ஆகிய நால்வர் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். தாங்கள் செய்தவை சுமார் 6 கோடி டாலர் ஈட்டியிருப்பது தெரிந்தது. அவர்கள் நிர்வாகத்திடம் அங்கீகாரமும் வருவாயில் சிறு பங்கும் கேட்டார்கள், மறுக்கப்பட்டது. வெளியேறி, இசைத்தட்டுத் துறையிலிருந்து வந்த ஜிம் லெவியோடு சேர்ந்து அதே ஆண்டு ஆக்டிவிஷன் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இசைத்தட்டின் உறையில் பாடகர் பெயர் இருப்பதுபோல் விளையாட்டின் பெட்டியிலும் செய்தவர் பெயர் இருக்கும் என்பது அங்கே முதல் விதி. உள்ளே வைத்த கையேட்டில் அவருடைய படமும், எப்படி ஆடுவது என்று அவரே எழுதிய குறிப்பும் இருந்தன. கிரேன் 1982-இல் செய்த பிட்ஃபால் நாற்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வாங்கியவர்களுக்கு அது கிரேனின் ஆட்டம் என்று தெரிந்திருந்தது.

அதே காலத்தில் அட்டாரிக்குள்ளேயே வாரன் ராபினெட் என்ற இளைஞர் வேறொரு வழி கண்டார். ‘அட்வென்ச்சர்’ என்ற தன் விளையாட்டில் யாருக்கும் சொல்லாமல் ஓர் இரகசிய அறையை வைத்தார். ஒரே ஒரு புள்ளி அளவுள்ள பொருள் ஒன்று. பின்னணியின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குச் சிக்காது. அதைத் தேடியெடுத்து ஒரு குறிப்பிட்ட சுவர் வரை சுமந்து போனால் வழி திறக்கும். உள்ளே திரை நடுவில், இதைச் செய்தவர் இன்னார் என்று ராபினெட்டின் பெயர் நிறம் மாறி மாறி மின்னும். மொத்தம் 4 கிலோபைட் மட்டுமே கொண்ட சில்லில், ஒவ்வொரு பைட்டையும் எண்ணிச் செலவழித்த நாளில், தன் பெயருக்கென்று அவர் இடம் ஒதுக்கினார். நம் கோயில் தூண்களில் சிற்பியின் பெயரைத் தேடி அலுத்தவர்களுக்கு அந்த அறையின் பொருள் உடனே விளங்கும். அட்டாரியை விட்ட ராபினெட், 1980-இல் லேர்னிங் கம்பெனி என்ற கல்வி விளையாட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். மின்சுற்றுகளின் தருக்கத்தைக் குழந்தைகள் ஆடியே கற்கும் ‘ராக்கிஸ் பூட்ஸ்’ என்ற விளையாட்டு அங்கிருந்து வந்தது.

மூன்றாவது இடம் ஜெர்மனி. அங்கே பலகை விளையாட்டுக்குக் குடும்பங்களில் வலுவான இடம் உண்டு. ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு விமர்சகர்கள் வழங்கும் ‘ஷ்பீல் டெஸ் யாரெஸ்’ விருது 1979-இல் தொடங்கியது. விருது இருந்தும், பெட்டி மூடியில் படைப்பாளியின் பெயரைப் போடப் பதிப்பாளர்கள் பலர் தயங்கினார்கள். 1988-இல் நியூரம்பர்க் நகரில் பொம்மைச் சந்தை நடந்தபோது 13 வடிவமைப்பாளர்கள் கூடிப் பேசினார்கள். கோட்டிங்கன் நகரைச் சேர்ந்த நிலவியலாளரும் விளையாட்டு படைப்பவருமான ரைன்ஹோல்ட் விட்டிக் முன்னின்றார். குவளைக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை ஒன்றை எடுத்து, மூடிமேல் எங்கள் பெயரைப் போடாத எந்தப் பதிப்பாளருக்கும் இனி விளையாட்டு கொடுக்க மாட்டோம் என்ற கருத்தை எழுதி, பதின்மூவரும் கையெழுத்திட்டார்கள். உள்ளங்கை அளவுள்ள அந்த அட்டை அந்தத் துறையையே மாற்றியது. 1991-இல் படைப்பாளர் சங்கம் உருவானது. ஜெர்மன் மொழியில் விளையாட்டு செய்பவரைக் குறிக்க, நூலாசிரியரைக் குறிக்கும் அதே சொல்லே வழங்குகிறது. பல் கட்டும் கூடத்தில் தொழில்நுட்பராக இருந்த கிளாவுஸ் டாய்பர் 1995-இல் வெளியிட்ட ‘கட்டான்’ 3 கோடிக்கு மேல் விற்றபோது, முதல் பதிப்பிலிருந்தே மூடியில் அவர் பெயர் இருந்தது. ஒருவருடைய ஆட்டம் பிடித்துப்போனவர் அவரே செய்த அடுத்த ஆட்டத்தைத் தேடினார். பெயருக்காகப் படைப்பாளர்கள் போராடினார்கள். அந்தப் பெயரால் கடைக்காரருக்கும் பதிப்பாளருக்கும் சேர்த்து ஒரு சந்தை உருவாயிற்று.

இனி கற்பித்தலுக்கு வருகிறேன். ஒரு கைத்தொழிலைச் சொல்லிக்கொடுக்க முடிந்த பொருள் மட்டும் போதாது; எதை முயன்றார், எதை விட்டார், ஏன் விட்டார் என்று செய்தவர் சொல்ல வேண்டும். பெயரில்லாதவரிடம் அதைக் கேட்க முடியாது. அமெரிக்காவின் சிட் சாக்சன் 1969-இல் விளையாட்டு விதிகளைத் திரட்டி ஒரு நூல் எழுதினார். ஒவ்வொன்றையும் யாரிடமிருந்து பெற்றார் என்ற விவரத்தோடு எழுதினார். ஆண்டுக்கணக்கில் அவர் எழுதிவைத்த நாட்குறிப்புகள் இன்று ராச்செஸ்டர் நகரின் ஸ்ட்ராங் அருங்காட்சியகத்தில் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. அட்டாரியில் பணிபுரிந்த கிறிஸ் கிராஃபோர்ட் 1984-இல் கணினி விளையாட்டு வடிவமைப்பை ஒரு கலையாக விவாதிக்கும் நூலை வெளியிட்டார். 1988-இல், அந்த ஜெர்மன் அட்டை எழுதப்பட்ட அதே ஆண்டில், தன் வீட்டுக் கூடத்தில் சக வடிவமைப்பாளர்கள் இருபத்தேழு பேரைக் கூட்டினார். இன்று பல்லாயிரம் பேர் கூடும் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டின் முதல் நாள் அது. கேட்டி சேலனும் எரிக் சிம்மர்மனும் 2003-இல் எழுதிய பெரிய பாடநூல், பல்கலைக்கழக வகுப்புகளுக்கு அடிப்படையானது. இவை எல்லாம் பெயர் வந்த ஒரே காரணத்தால் நடந்தன என்று சொல்ல மாட்டேன். சந்தை பெருகியது, கணினி மலிந்தது. ஆயினும் கூடத்தில் கூடிய இருபத்தேழு பேரையும் அவரவர் விளையாட்டால் அடையாளம் காண முடிந்தது. அப்படி முடிந்ததால்தான் ஒருவரை ஒருவர் கேட்கவும் திருத்தவும் முடிந்தது. மேகியின் காலத்தில் அது இல்லை. அவருக்குப்பின் வந்தவர்கள் அவருடைய இரட்டை விதி உத்தியைக் கற்க ஒரு வழியும் இல்லாமல் போனது.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று நம் மண்ணிலிருந்தே எழும். பல்லாங்குழியை யார் செய்தார்? ஆடு புலி ஆட்டத்துக்கு ஆசிரியர் யார்? பெயரே இல்லாமல் பல நூறு ஆண்டு வாழவில்லையா? மோனோபொலியைக்கூட ஊர் ஊராக ஆடியவர்கள்தானே செதுக்கினார்கள்? இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. நிலையான விலை குவேக்கர்களின் கொடை. தோற்றத்துக்கு மெருகு டாரோவின் கொடை. ஆனால் பெயரில்லாத ஆட்டங்களுக்கு வேறொரு காவல் இருந்தது. வைகுண்ட ஏகாதசி இரவில் பரமபதம் விரிக்கும் பாட்டி, இந்த ஏணி எந்த நற்குணம், இந்தப் பாம்பு எந்த அசுரன் என்று சொல்லிச் சொல்லியே ஆட வைப்பாள். விதியோடு பொருளையும் கைமாற்றித் தந்தது அந்தச் சமூகம். அந்தக் காவலை விட்டு ஆட்டம் கடல் கடந்து கடைக்குப் போனபோது என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் 1890-களில் விற்பனைக்கு வந்த பாம்பும் ஏணியும் முதலில் அந்நாட்டு ஒழுக்கங்களை ஏந்தியிருந்தது. பிறகு வெறும் எண்களும் படங்களுமாகச் சுருங்கியது. அதேபோல் நம் நாட்டின் பச்சீசி ஆட்டம் 1874-இல் அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வணிக முத்திரையாகவும், 1896-இல் இங்கிலாந்தில் லூடோ என்ற காப்புரிமைப் பொருளாகவும் ஆனது. ஊர் காக்கும் வரை ஊரே ஆசிரியர். சந்தைக்கு வந்த பிறகு ஊரின் இடத்தில் ஒரு பெயராவது நின்று காக்க வேண்டும். அது தனி ஆளின் பெயராகவும் இருக்கலாம், எந்த மக்களுடையது என்ற குறிப்பாகவும் இருக்கலாம்.

இன்னொரு மறுப்பு: பெயர் கேட்பது கடைசியில் உரிமை கேட்பதில் போய் முடியும், பொதுவில் கிடக்க வேண்டியதை வேலி போட்டு அடைக்கும். பெயரும் உரிமையும் வேறு வேறு என்பதே என் பதில். அமெரிக்கச் சட்டத்தில் ஒரு விளையாட்டின் கருத்துக்கும் ஆடும் முறைக்கும் பதிப்புரிமை கிடையாது. எழுதிய சொற்களுக்கும் வரைந்த படத்துக்கும் மட்டுமே உண்டு. அது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன், ஏனெனில் ஒருவர் விதியைப் பார்த்து மற்றவர் இன்னொன்று செய்யும்போதுதான் கலை வளர்கிறது. எல்லாரும் எடுத்தாளலாம் என்ற அந்தச் சுதந்திரம் இருப்பதனாலேயே, யாரிடமிருந்து எடுத்தோம் என்று சொல்லும் கடமை கூடுகிறது. அட்டையில் கையெழுத்திட்ட பதின்மூவரும் மற்றவர்களைத் தடுக்கும் அதிகாரம் கேட்கவில்லை; மூடியில் ஒரு வரி கேட்டார்கள். மூன்றாவதாக, இன்று ஒரு பெரிய கணினி விளையாட்டை நூற்றுக்கணக்கானோர் செய்கிறார்கள், யார் பெயரைப் போடுவது என்று கேட்கலாம். தமிழ்த் திரைப்படம் இதற்கு என்றோ விடை கண்டுவிட்டது. சண்டைப் பயிற்சி முதல் ஒப்பனை வரை பெயர்கள் திரையில் ஓடுகின்றன. அதனால் இயக்குநரின் இடம் குறையவும் இல்லை. பலர் செய்தார்கள் என்பது பலரையும் பதிவு செய்யக் காரணமாகலாமே தவிர, ஒருவரையும் பதிவு செய்யாமல் விடக் காரணமாகாது.

விளையாட்டு வடிவமைப்பு இன்று இந்தியக் கல்லூரிகளிலும் பாடமாகிவிட்டது. அந்த வகுப்புகளின் முதல் நாள் லிஸ்ஸி மேகியின் பெயரோடு தொடங்க வேண்டும். பரமபதம் எப்படி எண்கள் மட்டுமான பலகையாயிற்று என்பதும் அதே நாளில் பேசப்பட வேண்டும். பதிப்பாளர்களிடம் கேட்பது ஒன்றுதான்: செய்தவரின் பெயரை மூடியில் அச்சிடுங்கள், மரபு ஆட்டமென்றால் எந்த ஊரில், யாரிடம் கேட்டு விதிகளை எழுதினீர்கள் என்று உள்ளே ஒரு பக்கம் சேருங்கள். வீட்டில் ‘டிரேட்’ பலகை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் அதை இரண்டு முறை ஆடுங்கள். முதல் முறை வழக்கம்போல். இரண்டாம் முறை, வாடகையெல்லாம் நடுவில் ஒரு கிண்ணத்தில் விழட்டும், அது எல்லாருக்கும் பொது என்று விதி வையுங்கள். பிள்ளைகள் வித்தியாசத்தைக் கண்டுகொள்வார்கள். இந்த விதியை யார் யோசித்தார் என்று அவர்கள் கேட்கும்போது, வாஷிங்டனில் தட்டச்சு வேலை பார்த்த லிஸ்ஸி மேகி என்று சொல்லுங்கள்.